எட்டுப் பையிலும் ஓடைக்கரை மண்

2025 பிப்ரவரி 9, ஞாயிறு

காலையில் ஓடைக்கரை நிலத்துக்குப் போய் ரப்பர் கன்றுகளின் தண்டில் சுண்ணாம்பு பூசினேன். வெயில் பொசுக்காமல் இருக்கக் கேரளாவில் இப்படித்தான் செய்வார்கள். பதினோரு வருடம் அங்கே பால் வெட்டியதில் கற்றது. நாற்பது கன்றும் உயிரோடு நிற்கின்றன.

பிறகு மேட்டுக்கு ஏறினேன். அது திரௌபதியின் நிலம். என் பெரியப்பா மகள். கூடப் பிறந்தவன் இல்லாததால் அவளுக்கு அண்ணன் நான்தான். புல்லும் சரளையுமாகக் கிடக்கும் சரிவு, வருடா வருடம் சாமை போடுவாள். போன ஆடியில் என் பேச்சைக் கேட்டுச் சாமையை விட்டுவிட்டு ரப்பர் வைத்தாள். இப்போது இலை எல்லாம் ஓரம் கருகியிருக்கிறது.

"இன்னாண்ணா, இப்படி சுருளுது?"

பனிக்கு அப்படித்தான் என்றேன். பனியா? வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

ஓடையில் ஊற்று தோண்டி, குடத்தில் சுமந்துபோய் ஊற்றுகிறாள். எண்பது கன்றுக்கு. பார்த்தும் பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

மார்ச் 19

அவள் நிலத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

மேட்டில் ரப்பர் வைத்த மற்ற ஆறு பேருடைய கன்றுகளும் போயின. என்னுடையது மட்டும் தளிர் விட்டிருக்கிறது. டீக்கடையில், "ரப்பர்காரருக்குக் கைராசி" என்றார்கள். நான் மறுக்கவில்லை. வீட்டில் என் மனைவி சின்னக்குழந்தை, "ஊரே வாடிக் கெடக்குது, நீ பல்ல இளிச்சினு வர்ற" என்றாள்.

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். போன வருடம் ஜூனில், கன்று கொடுத்த கம்பெனிக்காரர் மண் பரிசோதனைக்கு என்னிடம் எட்டுத் துணிப்பை தந்தார், ஆளுக்கு ஒன்று. ஒவ்வொரு நிலத்திலும் நாலு மூலையிலும் நடுவிலும் மண் எடுத்துக் கலக்க வேண்டும். ஒரு குழி மூன்றடி தோண்டி, அடியில் பாறை தட்டுகிறதா என்று எழுத வேண்டும். ரப்பர் வேர் ஆழம் கேட்கும். அன்று மழை. மேட்டுக்கு ஏறச் சோம்பல்.

சோம்பல் மட்டும்தானா? இல்லை. மேட்டு மண் போனால் வேண்டாம் என்பார்கள். எட்டு பேர் சேராவிட்டால் எனக்கும் கன்று கிடையாது. என் ஓடைக்கரையிலேயே தோண்டி எட்டுப் பையையும் நிரப்பினேன். எட்டுப் பெயர் எழுதினேன். எல்லாவற்றுக்கும் ஆழம் மூன்றடி என்று போட்டேன். எட்டும் நல்ல மண் என்று முடிவு வந்தது. வராமல் இருக்குமா?

ஏப்ரல் 27, ஞாயிறு

ஊரார் குறி கேட்டிருக்கிறார்கள். மேட்டில் முதல் கன்று வைத்த பெண் தீட்டோடு மண்ணைத் தொட்டுவிட்டாள் என்று வந்ததாம். முதலில் வைத்தது திரௌபதி. "நீ மொதல்ல வைம்மா" என்று கன்றை அவள் கையில் கொடுத்ததே நான்தான்.

நாட்டாமை ராஜாக்கண்ணு சொல்லிவிட்டார்: ஊர்ச் சாமிக்குக் கிடா கொடுக்க வேண்டும், கொடுக்கும்வரை அவள் யார் நிலத்திலும் விதையைத் தொடக்கூடாது. அவளிடம் இருப்பது ஒரே கிடா. மூன்று வயது மகள் தேவயானியின் காதுகுத்துக்காக வளர்ப்பது. குழந்தை என் மடியில் உட்கார வேண்டியவள். தாய்மாமன் நான்.

சாயங்காலம் வந்தாள். கிடாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"அன்னிக்கு எனக்கு நாள் கணக்கு தப்பிப் போச்சாண்ணா? எவ்ளோ யோசிச்சாலும் நெனப்பு வர்ல. நான்தான் எல்லாரையும் கெடுத்துட்டனா?"

சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "குடுத்துடும்மா, மனசு சரியாயிடும்" என்று வந்தது.

த்தூ. நானெல்லாம் ஒரு அண்ணன்.

மே 3

நாளைக்குக் கிடா வெட்டு.

மே 4, ஞாயிறு

கிடாவின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி சம்மதம், அப்புறம்தான் வெட்டு. அது சிலுப்பவில்லை. இரண்டாவது சொம்பு. மூன்றாவது. கல்லு மாதிரி நிற்கிறது.

ராஜாக்கண்ணு திரௌபதியிடம் திரும்பி, "இன்னும் இன்னாமா மறைக்கிற மனசுல? சொல்லிடு" என்றார். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அவள் கைகூப்பி, "எனக்குத் தெரியலீங்க" என்று அழுதாள்.

அதற்கு மேல் நிற்க முடியவில்லை. "மறைச்சது நானுங்க" என்றேன்.

"இன்னாடா ஒளர்ற?"

பேசி விளங்க வைக்க எனக்குத் திராணி இல்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு நடந்தேன், எல்லாரும் பின்னால் வந்தார்கள். அவள் நிலத்தில் ஒன்றரை அடியில் பாறை தட்டியது. நாலு இடத்தில் குத்திக் காட்டினேன், நாலிலும் அதே. ஓடைக்கரையில் என் நிலத்தில் கடப்பாரை பாதிக்கு மேல் இறங்கியது. அப்புறம் பைகளைப் பற்றிச் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை.

ஓடைக்கரையில் கன்றுகளுக்கு நடுவே இந்த வருடம் ஏழு வீடும் சாமை போட்டுக்கொள்ளும் என்று தீர்ப்பு. தலையாட்டினேன். அது ஒரு தண்டனையாகவே தெரியவில்லை. திரௌபதி கிடாவை அவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். திட்டியிருக்கலாம்.

ஜூன் 8, ஞாயிறு

தேவயானிக்குக் காதுகுத்து. திரௌபதி என் மனைவி சின்னக்குழந்தையை மட்டும்தான் அழைத்திருந்தாள். நானும் பின்னாலேயே போனேன். தட்டில் கம்மலும் பாவாடையும் கொண்டுபோயிருந்தோம். வாங்கி மூலையில் வைத்தாள்.

குழந்தையை மடியில் வைத்துப் பலகையில் உட்கார்ந்தது என் தம்பி வடிவேலு. ஊசி இறங்கியதும் குழந்தை வீறிட்டு, பழக்கத்தில் என்னைப் பார்த்துக் கை நீட்டியது. நான் பாதி எழுந்தேன். திரௌபதி என்னைப் பார்த்தாள்.

உட்கார்ந்துவிட்டேன்.

பந்தியில் அந்தக் கிடாக் கறியை அவளேதான் பரிமாறினாள். எல்லாருக்கும் போட்ட அளவே எனக்கும் போட்டாள். இலையில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.