சின்னவள் முகத்து மினுமினுப்பு

மார்ச் 4, செவ்வாய்

போட்டோ ஸ்டுடியோவில் என்னைச் சின்னவளுக்கு அம்மா என்று நினைத்தார்கள். சின்னவள் திருத்தவில்லை. நடந்த அநியாயம் இதுதான். பிறகு யாரும் மாற்றிப் பேசாமல் இருக்க, முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

சின்னவள் என் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. என் வீட்டுக்காரர் போன பிறகும் நான் இவர்களோடு ஒரே வீட்டில்தான் இருக்கிறேன். எனக்கு அறுபத்தெட்டு, அவளுக்கு அறுபத்தைந்து. மூன்று வயதில் பிள்ளை பெற்றவள் உலகத்தில் நான் ஒருத்திதான் போலிருக்கிறது.

ஓய்வூதிய அட்டைக்குப் படம் எடுக்கப் போயிருந்தோம். ஸ்டுடியோக்காரன் விளக்கைத் திருப்பிக்கொண்டே, "அம்மாவை முதல்ல உக்காரச் சொல்லுங்க மேடம்" என்றான். இவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தெருவுக்கு வந்ததும் கேட்டேன். "விடுங்கக்கா, அவன் கண்ணுல கோளாறு" என்கிறாள். கோளாறு என்றால் அங்கேயே சொல்லியிருக்கலாமே? நாக்கு ஒட்டிக்கொண்டதா?

என் படத்தில் கன்னம் இஸ்திரி போடாத பருத்தித் துணி மாதிரி இருக்கிறது. அவள் படத்தில் விளக்கே கன்னத்துக்குள் எரிகிறது.

மார்ச் 5, புதன்

முப்பத்தொரு வருடம் சலவை நிலையத்தில் நீராவி இஸ்திரிக்கு முன் நின்ற முகம் என்னுடையது. அவள் பள்ளி அலுவலகத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவள். சரி, அது அவரவர் தலையெழுத்து. ஆனால் இப்போது?

எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நூலகத்தில் தோலைப் பற்றி இருந்த மூன்று புத்தகங்களையும் நானே படித்தேன். எண்ணெய்ப் பசை வேறு, ஈரம் வேறு என்று நானே தெரிந்துகொண்டேன். வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பு இல்லாமல் முகம் கழுவுகிறேன். துடைக்காமல் ஒற்றி எடுக்கிறேன். கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிடத்துக்குள், ஈரம் காயும் முன், கிரீம் தடவுகிறேன். ஒரு நாள் தவறியதில்லை.

அவள்? கை கழுவும் சோப்பையே முகத்துக்கும் போட்டு, சட்டி துடைப்பது போல் துண்டால் தேய்க்கிறாள். ஞாபகம் வந்தால் கிரீம். அதுவும் என் டப்பாவிலிருந்து!

அந்த முகம்தான் மினுங்குகிறது. இதற்கு யாரிடம் போய் முறையிடுவது?

மார்ச் 9, ஞாயிறு

மதியம் சாப்பிடும்போது கொழுந்தன் என்னிடமே சொல்கிறார்: "அண்ணி, இவ முகத்தப் பாருங்களேன். கல்யாணமான புதுசுல இருந்த மாதிரி ஆயிட்டு வருது."

"ஆமா, உங்களுக்கும் முடி முளைக்குது" என்றேன். வழுக்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். சின்னவள் சிரித்ததில் அவளுக்குப் புரை ஏறியது. நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

என்னிடம் குறைவது தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். உள்ளே காய்ந்தால் வெளியே எவ்வளவு பூசி என்ன? இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்றை எடுத்து, காகிதப் பட்டை ஒட்டி, டம்ளருக்கு ஒரு கோடு என்று எட்டுக் கோடு போட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

சாயங்காலம் பார்த்தால் பக்கத்தில் இன்னொரு பாட்டில். அதில் பத்துக் கோடு.

"நீங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும்னு நானும் வெச்சேன்க்கா."

அப்படியானால் பத்து எதற்கு?

மார்ச் 15, சனி

நான் பதினொன்று. அவளும் பதினொன்று. இரண்டு பேரும் கடைசி டம்ளரை முறைத்துப் பார்த்துக்கொண்டே குடித்தோம். "கப் யாருக்கு, மெடல் யாருக்கு?" என்றார் கொழுந்தன்.

நாள் முழுவதும் எனக்கும் குளியலறைக் கதவுக்கும்தான் பேச்சு. அவள் இரண்டு தடவை போனதோடு சரி. குடித்ததெல்லாம் நேரே முகத்துக்குப் போகிறதாக்கும். அதிலும் அவளுக்கு வசதி.

மார்ச் 20, வியாழன்

மாடி வீட்டுக்காரி படியில் நிறுத்தி, "ஆன்ட்டி, என்ன போடறீங்க? எங்களுக்கும் சொல்லுங்களேன்" என்று கேட்டாள். என்னிடமில்லை, சின்னவளிடம்.

"எல்லாம் அக்கா சொல்றபடிதான்" என்றாள் இவள்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஆனால் மாடி வீட்டுக்காரி என் முகத்தைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள், "ஓ" என்றாள். அந்த ஒரு எழுத்துக்கு அவளை என்ன செய்தாலும் தகும்.

மார்ச் 27, வியாழன்

எனக்கு நானே பொய் எழுதுவானேன்? தினமும் காலையில் அவள் அறையை விட்டு வரும்போது நான் கூடத்தில் தயாராக உட்கார்ந்திருக்கிறேன். பேப்பரைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைத்தான் படிக்கிறேன். கண்ணுக்குக் கீழே இருந்த இரண்டு கோடுகளைக் காணோம். வாயோரச் சுருக்கம் நிரம்பிவிட்டது. இமைகள்கூடக் கொழுகொழுவென்று இருக்கின்றன. காலையில் அதிகம், சாயங்காலம் கொஞ்சம் குறைவு.

இவ்வளவு நுணுக்கமாக என் பிள்ளைகளின் பரீட்சைத் தாளைக்கூட நான் பார்த்ததில்லை.

"செருப்பு சின்னதாப் போச்சுக்கா" என்றாள் இன்று. செருப்பு எப்படிச் சின்னதாகும்?

ஏப்ரல் 2, புதன்

மோதிரம் கழலவில்லையாம். சதை போட்டுவிட்டாளாம். சாப்பிடுவதோ முன்னைவிடப் பாதி.

ஏப்ரல் 6, ஞாயிறு

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் அவள் கன்னத்தில் தலையணை உறையின் பொத்தான் தடம் இருந்தது. மதியம் சாப்பிட உட்கார்ந்தபோதும் அது அப்படியே இருந்தது. ஆறு மணி நேரமாகவா?

"கன்னத்துல என்னமோ ஒட்டியிருக்கு, இரு" என்று பொய் சொல்லிக் கட்டைவிரலால் அழுத்தினேன். விரலை எடுத்தேன். குழி நின்றது. இருபதுவரை எண்ணினேன். அப்போதும் நின்றது.

நல்ல ஈரமுள்ள தோல் அழுத்தினால் உடனே எழும்ப வேண்டும். மூன்று புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. இது எழவில்லை. இந்தக் குழியை எனக்கு வேறு இடத்தில் தெரியும். சலவையில் தண்ணீர் குடித்த கம்பளியை அழுத்தினால் இப்படித்தான் நிற்கும். பார்க்கக் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே அத்தனையும் தண்ணீர்.

"காலை நீட்டு" என்றேன். முழங்காலுக்குக் கீழே என் விரல் பாதி நகம்வரை புதைந்தது.

"ஒண்ணுக்கு எத்தனை தடவை போற?"

"என்னக்கா கேள்வி இது, சாப்பாட்டு மேசையில..."

"சொல்லுடி!"

"ரெண்டு. நுரை நுரையா வருது. வயசானா அப்படித்தான் இருக்கும்னு..."

யாருடி சொன்னா உனக்கு? யாரு? நான் பதினொரு டம்ளர் ஊத்தி ஊத்திக் கொடுத்து... பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டு... கண்ணு இருந்ததே எனக்கு, அதுல என்ன இருந்தது?

ஏப்ரல் 7, திங்கள்

கொழுந்தன் மருத்துவமனைக்குக் கிளம்ப மறுத்தார். "நல்லாத்தானே இருக்கா அண்ணி, முகத்தப் பாருங்க."

"முகத்தைப் பாத்துத்தான் சொல்றேன். இந்த வீட்டுல அவ முகத்தை என்னைவிடப் பாத்தவங்க யாரு?"

அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். மாடி வீட்டுக்காரி காரை எடுத்தாள்.

சிறுநீரகம் புரதத்தை வெளியே விடுகிறதாம். அதனால் தண்ணீர் இரத்தத்தில் நிற்காமல் முகத்திலும் காலிலும் தேங்குகிறதாம். டாக்டரம்மா சின்னப் பெண்தான், ஆனால் தெளிவாகச் சொன்னாள். "தண்ணி எவ்வளவு குடிக்கறீங்க?" என்று கேட்டாள். சின்னவள் சொன்னாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "யார் சொன்னாங்க இவ்வளவு குடிக்க?"

சின்னவள் என்னைப் பார்த்தாள். "நானாத்தான்" என்றாள்.

"இல்ல டாக்டர். நான்தான் பாட்டில் வெச்சேன்" என்றேன்.

திருத்துவது எப்படி என்று அவளும் பார்த்துக்கொள்ளட்டும்.

நோய் தண்ணீரால் வந்ததில்லை, முன்பே இருந்திருக்கிறது, தண்ணீர் வீக்கத்தைக் கூட்டியிருக்கும் என்றாள் டாக்டரம்மா. ஆறுதலுக்காகச் சொன்னாளா, உண்மையா என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அதையே சொன்னாள்.

ஏப்ரல் 9, புதன்

மருத்துவமனையில் அவள் முக வீக்கம் நேற்றைவிடக் குறைந்திருந்தது. வீடு முழுக்க இரண்டு பாட்டில்கள்தான் கண்ணில் படுகின்றன. பட்டைகளைக் கிழித்துப் போட்டேன்.

ஏப்ரல் 16, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டாள். ஏழு கிலோ தண்ணீர் வடிந்திருக்கிறது. கோடுகள் எல்லாம் திரும்பிவிட்டன. போதாததற்குப் புதிதாகவும் சில வந்திருக்கின்றன. கன்னத்துத் தோல் தளர்ந்து, பொருக்கு எழுந்து, அரிப்பு வேறு.

கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள். "அக்கா, நான் கிழவியாயிட்டேன்" என்றாள்.

ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எழுதிவிட்டேன். பிறகு அவள் கண்ணாடியை விட்டு நகராமல் அங்கேயே நின்றாள். நான் போய் வெந்நீர் வைத்தேன்.

இனி நடக்க வேண்டியவை. சமையலறைக் கதவில் ஒட்டுவதற்கு முன் இங்கே எழுதிக்கொள்கிறேன்:

கொழுந்தன் தினமும் காலையில் அவளை எடை மெஷினில் நிறுத்தி எடையைக் காலண்டரில் குறிக்க வேண்டும். ஒரு நாளில் ஒரு கிலோ கூடினால், எனக்குச் சொல்வதற்கு முன்பே மருத்துவமனைக்குப் போன் செய்ய வேண்டும்.

மாடி வீட்டுக்காரி திங்கள்தோறும் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். சொன்னபடி வர வேண்டும்.

சின்னவள் உப்பு டப்பாவைத் தொடக் கூடாது. கை கழுவும் சோப்பு முகத்துக்குப் போகக் கூடாது. அரித்தால் நகம் வைக்காமல் என்னைக் கூப்பிட வேண்டும்.

நான் காலையிலும் மாலையிலும் அவள் முகத்தைக் கழுவிவிட்டு, ஈரம் காயும் முன் கிரீம் தடவ வேண்டும். ஒரு நாளைக்கு அவளுக்கு ஒரு லிட்டர்தான் தண்ணீர். அதை ஐந்து பங்காக நானே ஊற்றித் தர வேண்டும்.

எனக்குத் தாகமெடுத்தால், சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குடிக்க வேண்டும்.