வழக்கமான மூன்று வரிகள்

பிரான்ஸ்,
9 மே 1917

மதிப்பிற்குரிய தோர்ன்பி அம்மையார் அவர்களுக்கு,

கேப்டனின் பணியாள் ஏபல் க்ரிம்ஷா வணக்கத்துடன் எழுதுவது. தந்தி இதற்குள் வந்திருக்கும். மூன்றாம் தேதி காலை எங்களை முன்நின்று நடத்திச் சென்றபோது கேப்டன் மீது குண்டு பாய்ந்தது. உயிர் உடனே பிரிந்தது. அவர் வலி எதையும் உணரவில்லை. அவரை நாங்கள் எல்லோரும் நேசித்தோம்.

பணிவுடன்,
ஏ. க்ரிம்ஷா

பிரான்ஸ்,
2 ஜூன் 1917

மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. படித்துவிட்டுக் கூசிப்போனேன். போன விடுமுறையில் வந்தபோது, செத்தவர்களின் வீடுகளுக்கெல்லாம் தாம் எழுதும் மூன்று வரிகளை உங்கள் கணவரே சொல்லிக் காட்டினாராமே. அதே வரிகளை எனக்கே அனுப்புகிறாயா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு வருடம் அவர் பக்கத்தில் மைப்புட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். சாவுச் செய்தியை வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியாது.

ஆனால் அவர் அந்த மூன்றோடு நிறுத்தமாட்டார். "இவனைப் பத்தி நெசமா ஒண்ணு சொல்லுய்யா" என்று என்னைக் கேட்பார். ஹார்கர் என்ற சிப்பாய் செத்தபோது, அவன் தூக்கத்தில் மாடுகளை அதட்டுவான் என்றேன். அதையும் எழுதினார். ஹார்கரின் மனைவி அந்த ஒரு வரிக்குத்தான் நன்றி சொல்லிப் பதில் போட்டாள். உங்களுக்கு எழுதும்போது எனக்கு அப்படி ஒரு வரி எழுதக் கை வரவில்லை.

எங்கள் கடிதங்களை இப்போது புது லெப்டினன்ட் படித்துப் பார்த்துத்தான் அனுப்புகிறார். இதைப் பச்சை உறையில் போடுகிறேன். அதை எங்கள் படைப்பிரிவில் யாரும் பிரிக்கமாட்டார்கள். மாதத்துக்கு ஒன்றுதான் கிடைக்கும். அது கிடைக்காமல் என் மனைவி இந்த மாதம் என்னைத் திட்டப்போகிறாள், திட்டட்டும்.

கேட்டீர்கள், சொல்கிறேன். குண்டு வயிற்றில் பாய்ந்தது. அப்போது காலை ஆறு மணி இருக்கும். பக்கத்திலிருந்த குண்டுக்குழிக்குள் அவரை இழுத்துப் போட்டேன். தலையைத் தூக்கினால் இயந்திரத் துப்பாக்கி சுட்டது. இருட்டும்வரை எங்களால் அசைய முடியவில்லை, காயம்பட்டவர்களைத் தூக்கிப்போகும் தூக்குப்படுக்கைக்காரர்களாலும் வர முடியவில்லை. பிற்பகல் மூன்று மணிவரை உயிரோடு இருந்தார். வலி இருந்தது அம்மா, நிறையவே இருந்தது. இடுப்புவாரைக் கடித்துக்கொண்டு கிடந்தார். முகத்தில் வெயில் படாமல் என் இரும்புத் தொப்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் கேட்டார். வயிற்றில் அடிபட்டவனுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்பது எங்களுக்கு முதல் நாளே சொல்லித்தரும் பாடம். என் புட்டி நிறைய இருந்தது. மூன்றாவது முறை, "க்ரிம்ஷா, ஒரு வாய் குடுய்யா. இது உத்தரவு" என்றார். நான் கொடுக்கவில்லை. கைக்குட்டையை நனைத்து உதட்டை மட்டும் துடைத்தேன். எப்படியும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடலாம், பிழைத்துவிடுவார் என்று நம்பினேன். "ரெண்டு வருஷத்துல இன்னிக்குத்தான் நீ என் பேச்சைக் கேக்கல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

முதல் கடிதமும் அவர் சொன்னதுதான். "எங்கம்மாவுக்காக வழக்கமான மூணு வரிய எழுதி என் பொண்டாட்டிக்கு அனுப்பிடு. கான்ஸ்டன்ஸ் நம்பமாட்டா, ஆனா அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுவா" என்றார். ஆகவே அதைக் கேப்டனின் அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். இதை எரித்துவிடுங்கள்.

விட்டுப்போன அந்த ஒரு வரியை இப்போது எழுதுகிறேன். நீங்கள் அனுப்பிய பிளம் கேக்கை அவரால் ஒரு நாளும் தின்ன முடிந்ததில்லை. கல் மாதிரி இருக்கும், மன்னிக்கவேண்டும். ஆனால் அதை எங்களுக்குக் கொடுத்துவிடுவார், நாங்கள் பசியில் எதையும் தின்போம். அதனால்தான், பிரமாதம், இன்னும் அனுப்பு என்று உங்களுக்கு ஒவ்வொரு தடவையும் எழுதினார்.

கேப்டனின் கைக்கடிகாரமும் உங்கள் கடிதங்களும் பார்சலில் வருகின்றன. கடிகாரம் ஓடுகிறது. சாவி கொடுத்துத்தான் பார்சலைக் கட்டினேன்.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் என்னால் முடிக்க முடியவில்லை. அன்று சாயங்காலம், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் புட்டித் தண்ணீரை நானே குடித்தேன். முழுவதையும் குடித்தேன். போகப்போகிறார் என்று தெரிந்திருந்தால் அத்தனையையும் அவருக்கே கொடுத்திருப்பேன். நான் செய்ததுதான் சரி என்று டாக்டர் சொல்கிறார். அது மனதில் நிற்கமாட்டேன் என்கிறது.

நேரம் கிடைத்தால் எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள் அம்மா. தண்ணீர் கொடுக்காதது சரிதான் என்று எழுதுங்கள். நீங்கள் அப்படி நினைக்காவிட்டாலும் எழுதுங்கள். அது எந்த மாதிரி வரி என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் பத்திரமாக வைத்துக்கொள்வேன்.

உங்களையும் கேப்டனின் அம்மாவையும் கடவுள் காக்கட்டும்.

என்றும் பணிவுள்ள,
ஏபல் க்ரிம்ஷா