வெள்ளிக் கஞ்சி

தவக்காலத்து மூன்றாம் வெள்ளி, இரவு

ரமழான் மாதம் முழுக்க, பக்கத்து வீட்டு அக்கா பரீனா ராத்தா நோன்பு திறக்கும் நேரம் தினமும் கஞ்சி தருவார். போன வெள்ளி அதில் இறைச்சி கிடந்தது. வாங்கிவைத்துப் பிறகு கொட்டிவிடலாம் என்று நினைத்தேன். மனம் ஒப்பவில்லை.

"ராத்தா, தவக்காலத்து வெள்ளியில நாங்க இறைச்சி சாப்பிடுறல்ல" என்று திருப்பிக் கொடுத்தேன். அவர் முகம் சுருங்கியது. அதன்பின் கஞ்சி வரவில்லை. ஆண்டவரே, இந்த நேர்மை தேவைதானா என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

இன்று பாங்கு சொல்ல முன்னமே ராத்தா கோப்பையோடு வந்தார். "குடி புள்ள, இறைச்சி இல்ல. உன்ட நோன்பும் நோன்புதானே."

"எனக்காகத் தனியாக் காய்ச்சினீங்களா?"

"இல்ல, ஒரே பானைதான். எங்கட ஊட்டுலயும் இண்டைக்கு இதுதான்."

பகலெல்லாம் பட்டினி கிடந்த வீடு, எனக்காக வெறுங்கஞ்சி குடித்திருக்கிறது.

செபிக்க முழந்தாளிட்டேன். ராத்தாவின் பெயரைத் தாண்டிப் போக முடியவில்லை.