அக்காவின் கழுத்து

மார்ச் 3

அன்புள்ள வாயாடிக்கு,

நலமா என்று கேட்கும் மனநிலையில் இல்லை, இருந்தாலும் கேட்டுவைக்கிறேன்.

உன் நாவலைப் படித்து முடித்தேன். என் கல்லூரியும் முடித்துவிட்டது. ஆசிரியர் அறைக்குள் நான் நுழைந்ததும் நூலகர் எழுந்து மின்விசிறியின் வேகத்தைக் கூட்டுகிறார். கூடவே ஓர் இரக்கப் புன்னகை. உன் கதாநாயகி ஐம்பதை நெருங்கும் பேராசிரியை; வகுப்பின் நடுவே உடம்பெல்லாம் தீப்பிடித்தாற்போல் வேர்த்து, கரும்பலகைத் துணியால் கழுத்தைத் துடைக்கிறாள். வேறு யாராக இருக்க முடியும்? உன்னிடம் போனில் புலம்பினேனே, எனக்கு நன்றாக வேண்டும். "இதெல்லாம் எப்ப நடந்துச்சு?" என்கிறார் உன் அத்தான். பக்கத்தில் படுப்பவர்.

நவீன இலக்கியத்தில் உடலும் எழுத்தும் என்று வருஷாவருஷம் பாடம் எடுப்பவள் நான். பெண் தன் உடலை எழுத வேண்டும் என்று நானே சொல்வேன். தன் உடலை. அக்காவின் உடலை அல்ல.

அடுத்த பதிப்பில் அதை எடுத்துவிடு. ஆஸ்பத்திரி அத்தியாயத்தையும். கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வந்தவள் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் இருப்பாளா? நம்பும்படி இல்லை.

அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்கா,

நீ எங்கே புலம்பினாய்? வேர்க்கிறது என்றாய், உடனே "சரி, அதை விடு" என்றாய். அதை வைத்து ஒரு பத்தி தேறாது. கரும்பலகைத் துணி மட்டும்தான் உன்னுடையது. கழுத்து என்னுடையது.

போன வருஷம் வெளியூரில் கூட்டம் என்று சொன்னேனே, அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தேன். சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். வேர்வை அதோடு வந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரிதான் கூட இருந்தாள். உன்னிடம் சொன்னால் ஏதாவது கட்டுரையிலிருந்து பதில் சொல்வாயோ என்று பயம். சொல்ல வாய் வரவில்லை, எழுத வந்தது. நான்தான் என்று யாரும் கண்டுபிடிக்கக் கூடாதென்று அவளைப் பேராசிரியை ஆக்கினேன்.

எடுக்கச் சொன்னால் எடுக்கிறேன். நம்பும்படி இல்லை என்று மட்டும் சொல்லாதே.

உன் வாயாடி

மார்ச் 15

அடியே,

உனக்கு வாயாடி என்று பெயர் வைத்ததே தப்பு. தையல்காரிக்குத் தெரியும். காசு கொடுத்துப் புத்தகம் வாங்கிய அத்தனை பேருக்கும் தெரியும். கூடப்பிறந்தவளுக்குத் தெரியாது. உன்னை என்ன செய்தால் தகும்?

மறுபடி படித்தேன். தையல் பிரித்த அன்று, ஆட்டோ பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அவள் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் இடம். ஓரத்தில் 'மிகை' என்று எழுதியிருந்தேன். பென்சில்தான். அழித்துவிட்டேன்.

நேற்று நூலகர் விசிறியைக் கூட்டிவிட்டு, "ஆபரேஷன்கூட நிஜந்தானா மேடம்?" என்றார்.

"நிஜந்தான். எனக்குத்தான்," என்றேன்.

இனி யாரும் உன் பக்கம் திரும்ப மாட்டார்கள். அத்தியாயம் அப்படியே இருக்கட்டும்.

சனிக்கிழமை வருகிறேன். முதலிலிருந்து எல்லாவற்றையும் வாயால் சொல். நடுவில் நான் ஒரு மேற்கோள் சொன்னாலும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்து.

அக்கா