தோலில்லாத ரோஸ்ட்

மாத்தளை,
ஞாயிறு காலை.

அன்பு மகன் நிரஞ்சனுக்கு,

அப்பா எழுதுவது. வீட்டில் மூன்று பேரும் சுகம். டோஹா வெயிலில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். குரலில் பேசி அனுப்பினால் நீ பாதியில் நிறுத்திவிடுவாய் என்று தங்கச்சி சுபாஷினி சொல்கிறாள். அதனால் இதை எழுதி, படம் பிடித்து அனுப்பும்படி அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடவா என்று கேட்டிருந்தாய். சனிக்கிழமை போகட்டும் என்றேன். காரணம் இதுதான். ரிவஸ்டன் மலையில் கூடாரம் போட்டு வெள்ளைக்காரர்களைத் தங்க வைக்கிறானே தயாபரன், அவனுக்கு நிரந்தரமாகச் சமையலுக்கு ஆள் வேண்டுமாம். முழுக் கோழி ரோஸ்ட் போடத் தெரியுமாண்ணே என்றான். த்ரீவீல் ஓட்டுகிற என் வாய் சும்மா இருக்குமா? தெரியாமலா என்றேன். லண்டன் குடும்பம் ஒண்ணு வருது, செஞ்சு காட்டுங்க, சரிவந்தா வேலை உங்களுக்குத்தான் என்றான்.

நேற்று டவுனில் கோழிக்கடை சாலிஹ் நானா முழுக் கோழியை நிறுத்துவிட்டு, உரிச்சிரவா என்றார். நம் வீட்டில் எந்தக் காலத்தில் தோலோடு தின்றோம்? உரிங்க நானா என்றேன். மலைக்குப் போய்ப் பையைத் திறந்தால், தயாபரன் கோழியைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். ரோஸ்ட்டுக்குத் தோல்தாண்ணே சட்டை, இத இப்படியே வச்சா விறகுக்கட்டையாக் காஞ்சிருமே என்றான். அந்த மலையில் வேறு கோழிக்கு எங்கே போவது?

தயாபரனின் அடுப்பு நல்ல சாமான். அதன் கால்களை மடக்கிப் பெட்டி போலத் தூக்கலாம். கீழே கரி, நடுவில் கம்பி வலை, மேலே ஓட்டை வைத்த மூடி. அங்கே அடிக்கிற காற்றில் கரி தானாகவே சிவந்தது. நான் பழக்கத்தில் விசிறவும் விசிறி, சாம்பலை என் தலையிலேயே கொட்டிக்கொண்டேன்.

உன் அம்மா எனக்கு மத்தியானத்துக்குச் சோறு கட்டினால் மூன்று பேர் தின்கிற அளவு இருக்கும், வாழையிலையும் அதற்கேற்ற அகலம். சோற்றைத் தட்டில் கொட்டினேன். இலையைக் கழுவினேன். கோழிக்கு மிளகும் பூண்டும் மாஜரினும் பூசி, அந்த இலையாலேயே சட்டை போட்டேன். கரியை இரண்டு பக்கமும் ஒதுக்கி, கோழியை நடுவில் வைத்து, சுற்றிலும் உருளைக்கிழங்கும் கரட்டும் அடுக்கினேன். மூடியைத் திறந்தா சூடு போயிரும், கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க என்றான் தயாபரன். நீ பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

இலையைப் பிரித்தபோது வந்த வாசத்தை எழுத எனக்குப் படிப்புப் போதாது. நிறம் அரைகுறைதான், ஆனால் கத்தி வைத்ததும் இறைச்சி எலும்பை விட்டு வந்துவிட்டது. லண்டன்காரர் இலையில் ஒட்டியதையும் சுரண்டினார். இது மாத்தளை முறை என்று தயாபரன் கூசாமல் அளந்தான். நானும் பெரிய மனுஷன் போலத் தலையாட்டினேன். வேலை எனக்குத்தானாம். இனி ஒவ்வொரு கிழமையும் உரிச்சே கொண்டு வாங்கண்ணே என்றுவிட்டான்.

கரி மூட்டையோடு மேடு ஏற எனக்கு மூச்சு வாங்கியது. அவனிடம் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லாதே. இன்னொரு ஆள் வேணும், தெரிஞ்ச ஆள் இருந்தாச் சொல்லுங்க என்றான். இருக்கிறான், கேட்டுச் சொல்றேன் என்றேன்.

கையெழுத்து உன் விஷயம், நான் குறுக்கே வர மாட்டேன். அம்மா உன் மெத்தையை வெயிலில் போட்டிருக்கிறாள். மழை வரப்போகிறது, அதனால்தானாம்.

முத்துமாரி அம்மன் உனக்கு நல்ல வழி காட்டட்டும். பேனாவை எடுக்குமுன் ஒரு தரம் கூப்பிடப்பா.

உன் அப்பா,
சிவஞானம்