கல்யானைக்குப் பக்கத்தில் அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், நம்பு.

நேற்று அலுவலகத்தில் அவரவர் மாநிலத்தைப் பற்றிப் படம் காட்டிப் பேசச் சொன்னார்கள். நான் பின்வரிசையில் பதுங்கினேன். கூட வேலை செய்யும் அறைத்தோழி, "வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா? போடி" என்று தள்ளிவிட்டாள்.

நம் மாநிலத்தின் கோயில்களையும் தலைநகரின் கோட்டையையும் காட்டினேன். கடைசியாக, நீ வேலை செய்யும் அருங்காட்சியகத்தின் கல்யானை. பள்ளி விட்டதும் அதன் காலடியில்தானே வீட்டுப்பாடம் எழுதுவேன்!

"படம் அருமைம்மா. மூலையில யாரோ துடைப்பத்தோட ஒதுங்கி நிக்கிறாங்களே, அவங்கள வெட்டியிருக்கலாமே" என்றார் மேலாளர்.

தயக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"அது எங்கம்மா சார். காலையில அவங்க பெருக்கின பிறகுதான் அங்க கதவே திறப்பாங்க."

அவர் முகம் மாறியது. "தப்பா சொல்லிட்டேன்மா. அவங்களப் பெருசாக்கிக் காட்டு" என்றார். சுவர் முழுக்க நீதான் அம்மா, யானையைவிடப் பெரிதாக!

உன் பழைய நீலப் புடவை ஒன்றை அனுப்பு. குளிருக்குப் போர்த்திக்கொள்ளத்தான், வேறொன்றுமில்லை.

அலுவலகப் பேருந்து வந்துவிட்டது, முடிக்கிறேன். அருங்காட்சியகக் காவலர் மாமாவிடம் சொல்லி இன்னொரு படம் எடுத்து அனுப்பு. இந்த முறை நடுவில் நில். துடைப்பத்தை ஒளிக்காதே.

உன் மகள்