சரளா ஆன்ட்டியின் குரல்

சனிக்கிழமை, இரவு

காலையில் எழுந்ததும் பல் கூடத் துலக்காமல், நேற்று தபாலில் வந்த பழைய இசைத்தட்டைப் போட்டேன். மூன்று பெண்கள் பாடிய பாட்டு. எங்கள் பழைய பாட்டு வாட்சப் குழுவில் சுற்றும் இதே பாட்டின் பதிவில் அவர்கள் குரல் கீச்சென்றிருக்கும்.

போன வாரம் பத்து பெரண்டாம் ஊரில் இருக்கும் சரளா ஆன்ட்டி, "அந்த மூணு பேர்ல நானும் ஒருத்தி" என்று ஒரு வரியைப் பாடி அனுப்பினார்.

"உங்க குரல் கனமா இருக்கு லா. கதை விடாதீங்க ஆன்ட்டி" என்றார் குழுவை நடத்தும் குமார் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். ஆன்ட்டி குழுவை விட்டு வெளியேறிவிட்டார். அவருக்காக நானும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தட்டில் குரல் கனமாகத்தான் இருக்கிறது. குழுவில் சுற்றுவதைத்தான் யாரோ வேகத்தைக் கூட்டிப் பதிந்திருக்கிறார்கள். ஆன்ட்டி பாடி அனுப்பிய வரியின் முடிவில் இழுத்த இழுப்பும் தட்டில் அதேதான். பாடியது அவர்தான், எனக்குச் சந்தேகமே இல்லை.

குழுவில் இன்னும் சொல்லவில்லை. நாளை தட்டோடு அவர் வீட்டுக்குப் போகிறேன். முதலில் அவர் கேட்கட்டும்.